பேக்கப் ஓடும்போது பில்லிங் நிக்குது, சிபியுவ எப்படி கட்டுப்படுத்துறது?

ஆத்தங்குடி தம்பி:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம். டைல்ஸ் பட்டறை எங்களது, பின்னாடி ரூம்ல ஒரு உபுண்டு சர்வர் (4 கோர்), பில்லிங்கு, அதோட டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் எல்லாம் அதுல தான். போக ஒவ்வொரு டிசைனுக்கும் கண்ணாடியில கலர் ஊத்துறதுலேர்ந்து எடுத்த போட்டோ 180 ஜிபி கெடக்கு. ராத்திரி 3 மணிக்கு கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டுறது) பேக்கப் ஆரம்பிக்கும், மொத்தத்தையும் டார் பண்ணி (ஒரே ஃபைலா கட்டி) எக்ஸ்இசட்ல சுருக்கி வெளி டிஸ்க்குக்கு போகும், ஆனா காலைல 6 மணிக்கு லோடு ஏத்த வண்டி வந்து நிக்கிறப்பவும் முடியாம ஓடிட்டே இருக்கு, ஒரு பில்லு வர அரை நிமிஷம் ஆகுது, டிரைவர் கத்துறாரு. நைஸ் 19 (இருக்குறதுலயே கடைசி முன்னுரிமை) போட்டும் பார்த்துட்டேன், அப்பவும் டாப்ல (எது எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு காட்டுறது) 390% காட்டுது. என்ன பண்ணலாம்?

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, நைஸ் உச்சவரம்பு கிடையாது, ரெண்டு பேரு சிபியுக்கு நின்னா யாருக்கு முதல்லன்னு மட்டும் தான் அது சொல்லும். சும்மா கெடந்தா மொத்தத்தையும் எடுத்துக்கும். அதுலயும் கிரானும் மைஎஸ்க்யூஎல்லும் வேற வேற சிஜிரூப்ல (ஓடுற புரோகிராம்கள குரூப்பா பிரிச்சு வைக்கிறது) இருந்து சிபியு அந்த குரூப் கணக்குல பிரிஞ்சா, நைஸ் அந்த குரூப்புக்குள்ள மட்டும் தான் எடுபடும். டாப்ல 'டபிள்யுஏ' (டிஸ்க்குக்காக சிபியு காத்துக் கெடக்குற சதவீதம்) எவ்வளவு இருக்குன்னு பாருங்க, அது கூடுதலா இருந்தா கோளாறு டிஸ்க்ல, சிபியுல இல்ல.

ஆத்தங்குடி தம்பி:
டபிள்யுஏ 2 தான்ண்ணே. ஸ்கிரிப்ட சிஸ்டம்டி சர்வீஸா மாத்தி சிபியுகோட்டா (சிபியு உச்சவரம்பு) 50% குடுத்தேன், பாதி மெஷின் கெடைக்கும்னு நெனச்சேன், மத்தியானம் ஆகியும் முடியாம ஓடுது.

தேவகோட்டை ரஸ்தா:
அந்த சதவீதம் ஒரு கோருக்கு உள்ளது தம்பி. உங்க 4 கோருக்கு முழுசு 400%, நீங்க குடுத்தது ஒரே கோர்ல பாதி. 200% வச்சா தான் பாதி மெஷின். எக்ஸ்இசட்ல த்ரெட் (ஒரே நேரத்துல எத்தனையா பிரிஞ்சு ஓடணும்ங்கிறது) 0ன்னு இருந்தா இருக்குற கோரெல்லாம் எடுக்கும், அதையும் 2ன்னு போடுங்க.

கானாடுகாத்தான்:
நான் கேக்குறது வேற, போட்டோவ எதுக்கு சுருக்குறீங்க? ஜேபெக் ஏற்கனவே சுருங்குனது, எக்ஸ்இசட் அதுல மூணு மணி நேரம் மல்லுக்கட்டி ஒண்ணும் மிச்சம் பண்ணாது. டேட்டாபேஸ் டம்ப்ப (டேட்டாவ வெளிய எடுத்து எழுதுன ஃபைல்) மட்டும் சுருக்குங்க. போட்டோவ ஆர்சிங்க்ல விடுங்க, மொத நாள் மட்டும் முழுசா போகும், அப்பறம் புதுசு மட்டும் தான். ஆனா தயவுசெஞ்சு டிலீட் ஆப்ஷன் போடாதீங்க. இங்க யாராவது தெரியாம ஃபோல்டர அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும், பழைய டிசைன் போனா திரும்ப எங்க போய் எடுப்பீங்க?

ஆத்தங்குடி தம்பி:
அண்ணே ரொம்ப நன்றி! ஞாயித்துக்கிழமை உக்காந்து முழுசா காப்பி பண்ணிட்டேன், நேத்து ராத்திரி 3.20க்கெல்லாம் முடிஞ்சிருக்கு. கோட்டா 200%லயே வச்சிருக்கேன். இன்னிக்கு 6 மணி வண்டிக்கு பில்லு உடனே வந்துச்சு. டிலீட் போடல, அப்பா எடுத்த பழைய போட்டோ எல்லாம் அதுல தான் இருக்கு.