ஜமக்காள போட்டோ: பவானி வீட்டுக் குழு

பெரியப்பா: கண்ணு, நம்ம ஜமக்காளப் பக்கம் தொறக்கவே மாட்டீங்குது. ஈரோட்டுக் கடைக்காரரு போன்ல வட்டம் சுத்தீட்டே இருக்குதாம்.

பாப்பா: பாத்தனுங் பெரியப்பா. ஒவ்வொரு போட்டோவும் 4, 5 எம்பி, அகலம் 4000 பிக்சல். வெப் பக்கத்துக்கு 1200 போதுமுங். உயரமும் கூடவே கொறையறதால மொத்தப் பிக்சல் பத்துல ஒரு பங்குக்கும் கீழ வந்துரும்.

சின்ன மாமா: இங்க குழுவுல அனுப்புனதையே எடுத்துப் போடலாமுல்ல? வாட்ஸ்அப்பே சுருக்கித்தான குடுக்குது

பாப்பா: வேண்டாமுங் மாமா. ஒருக்கா நசுக்குன ஜேபெக் போட்டோவ மறுக்கா நசுக்குனா இன்னும் கெட்டுப்போகும். டாக்குமென்டா அனுப்புங், அப்ப மூலப்படம் அப்படியே வருமுங்.

அத்தை: வெப்பின்னு ஒரு பட வகை இருக்குதாமே, அது இன்னும் சின்னதா வருமாமா?

பாப்பா: ஆமாங்கத்தை, கூகுள் 2010ல கொண்டு வந்தது. தறி, நெசவு பண்றவங்க படத்துக்கெல்லாம் அதேதான் போடப்போறேன். ஜமக்காளத்துக்கு மட்டும் வேண்டாமுங்.

அத்தை: ஏன் சாமி?

பாப்பா: நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்த நல்லாப் புடிக்கும், நெறத்த அந்தளவு புடிக்காது. அதனால சுருக்கறப்ப நாலு பிக்சலுக்குச் சேத்து ஒரே நெறமா வெச்சுக்கும். முகத்துல அது தெரியாது. செவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் ஒட்டி வர்ற எடத்துல ஓரம் கலங்கீருமுங். சாதாரண வெப்பியில இத நிறுத்த முடியாது, ஜேபெக்ல முடியும்.

பெரியப்பா: சாயம் கசிஞ்சாப்பல தெரியுமா?

பாப்பா: அதேதானுங்.

பெரியப்பா: அது ஆகாது கண்ணு. புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. சாயம் நிக்காதுன்னு நெனச்சுட்டா எவன் வாங்குவான்? பக்கம் சித்த மெதுவாத் தொறந்தாலும் பரவால்ல, பட்டை சுத்தமாத் தெரியோணும்.

பாப்பா: ரெண்டும் ஆகுமுங். ஸ்க்வூஷ்னு படம் சுருக்கற தளத்துல படத்தப் போட்டு, அதுல மோஸ்ஜேபெக்ங்கற ஜேபெக் சுருக்கியில எடுத்துக்கறேன். தரம் 80. கூடுதல் அமைப்புல நெறம் சேக்கற எண்ண 1னு மாத்துனா நெறம் முழுசா நிக்கும். கொஞ்சம் எடம் கூடத்தான் புடிக்கும், ஆனா மூலப்படத்துக்கு எவ்வளவோ சின்னதுங்.

சின்ன மாமா: படத்த வேற எவனாச்சும் எடுத்துக்க மாட்டானா?

பாப்பா: வேலை பூரா நம்ம பிரவுசருக்குள்ளயே நடக்குதுங். நடுக்கோட்ட நகத்துனா ஒருபக்கம் மூலம், மறுபக்கம் சுருக்குனது. பட்டை ஓரத்தப் பெருசாக்கிப் பாத்துட்டுத்தான் ஏத்துவேன். மூலப்படத்த யாரும் அழிச்சுராதீங்க, பின்னாடி நோட்டீஸ் அடிக்கோணும்னா அதுதான் ஆகும்.

பெரியப்பா: செரி. இப்பவே டாக்குமென்டா அனுப்பறேன். அகலச் செவப்புப் பட்டை வெச்சத மொதல்ல பண்ணு.