டீ.கே.டபிள்யூ. எஃப்1 காரின் வெற்றி யாருக்குச் சேரும்: இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கா, முன்சக்கர இயக்கத்துக்கா?

பல்சக்கரம்:
1931 பிப்ரவரியில் நடந்த பெர்லின் மோட்டார் கண்காட்சியில் ஜெர்மனியின் டீ.கே.டபிள்யூ. நிறுவனம் எஃப்1 என்னும் சிறு காரை 1,685 ரைஷ்மார்க் விலையில் அறிமுகப்படுத்தியது. அதன் வழிவந்த முன்சக்கர இயக்கக் கார்கள் போர்க்காலத்தில் உற்பத்தி நிற்கும் வரை ஏறத்தாழ இரண்டரை லட்சம் செய்யப்பட்டன. 1930-களின் நடுவில் ஜெர்மன் சந்தையில் ஓப்பலுக்கு அடுத்த இடம் டீ.கே.டபிள்யூ.வுக்குத்தான். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாராட்டு முழுவதையும் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கே, அதாவது பிஸ்டன் ஒரு முறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுழற்சியை முடிக்கும் எஞ்சினுக்கே, கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இதே நிறுவனம் 1928-இலேயே பி15 என்ற காரைச் செய்தது. அதிலும் 584 சி.சி. கொள்ளளவுள்ள, நீரால் குளிர்விக்கப்படும் இரட்டைச் சிலிண்டர் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின்தான் இருந்தது. திறன் 15 குதிரைச்சக்தி. ஆனால் எஞ்சின் நெடுக்குவாட்டில் அமர்ந்து, நீண்ட தண்டின் வழியாகப் பின்சக்கரங்களை ஓட்டியது. அந்தக் கார் சந்தையைக் கலக்கிவிடவில்லை. எஃப்1 காரில் அதே வகை எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து முன்சக்கரங்களோடு இணைத்தார்கள், நிலைமை மாறியது. மாறியது எது, மாறாதது எது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடுகிறது.

லேத்துப்பட்டறை:
ஐயா, நீங்கள் சொல்லும் குறுக்கு அமைப்பு எப்படிச் சாத்தியமாயிற்று என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வால்வு வேண்டும், கேம் ஷாஃப்ட் வேண்டும், அவற்றை ஓட்டும் பல்சக்கரங்கள் வேண்டும், அடியில் எண்ணெய்த் தொட்டியும் பம்ப்பும் வேண்டும். இந்த எஞ்சினில் இவை எதுவுமே இல்லை. இரண்டு பிஸ்டன், இரண்டு கனெக்டிங் ராடு, ஒரு கிராங்க் ஷாஃப்ட் என்று அசையும் உறுப்புகள் மொத்தம் ஐந்துதான். தண்ணீருக்குக்கூடப் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்கும் இயல்பான சுழற்சியே போதுமானதாக இருந்தது. நான்கு-ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும்; இதில் ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிவதால், இரண்டு சிலிண்டரே நான்கு-ஸ்ட்ரோக்கின் நான்கு சிலிண்டர் அளவுக்கு அடுத்தடுத்துத் துடிக்கும். ஆகவேதான் எஞ்சின் இவ்வளவு குட்டையாக இருந்தும் முரட்டுத்தனமாக அதிராமல் ஓடியது. குட்டையாக இருந்ததால்தான் இரண்டு முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக அடங்கியது. சங்கிலி வழியாகச் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோக இடமும் கிடைத்தது.

எஞ்சினையும் அமைப்பையும் பிரித்துப் பேசுவது பொருந்தாது.

நிலமங்கை:
இருவரும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். கணக்குப் புத்தகத்தையும் சற்றுத் திறந்து பார்க்கலாம்.

டீ.கே.டபிள்யூ.வின் உரிமையாளர் யோர்கன் ஸ்காஃப்டே ராஸ்முசன் டென்மார்க்கில் பிறந்து, சாக்சனியின் சோப்பாவ் ஊரில் தொழில் நடத்தியவர். முதல் உலகப் போர்க் காலத்தில் நீராவிக் கார் செய்ய முயன்று கைவிட்டார்; போருக்குப் பின் ஹூகோ ரூப்பே வடிவமைத்த இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பற்றிக்கொண்டு, 1920-களின் முடிவில் உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர் என்னும் இடத்தை எட்டினார். குளிர்பதனப் பெட்டி வரையில் கை வைக்காத தொழில் இல்லை. 1928-இல் ஸ்விக்காவ் நகரின் ஆவுடி நிறுவனத்தை வாங்கினார். அமெரிக்காவில் மூடப்பட்ட ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் எஞ்சின் செய்யும் இயந்திரங்களையும் வாங்கி, அந்தப் பெரிய எஞ்சின்களை ஆவுடி கார்களில் பொருத்தினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் அத்தகைய கார்களை வாங்க ஆள் இல்லாமல் போனது. ஆலை இருந்தது, தொழிலாளர்கள் இருந்தார்கள், ஆர்டர் இல்லை. இந்த நெருக்கடியில்தான் 1930-இன் இறுதியில் அவர் ஆவுடியின் வடிவமைப்பு அலுவலகத்துக்குச் சென்று, மோட்டார் சைக்கிள் எஞ்சின் வகையைக் கொண்டு ஒரு மலிவான முன்சக்கர இயக்கக் காரைச் செய்யச் சொன்னார். கொடுத்த கெடு ஆறு வாரம். வால்டர் ஹௌஸ்டைன், ஆஸ்கார் ஆர்ல்ட் ஆகிய பொறியாளர்கள் அதை முடித்துக் கொடுத்தார்கள்.

உடல்பகுதியோ ஒட்டுப்பலகை, மேலே செயற்கைத் தோல் போர்த்தியது. எஃகுத் தகட்டை அழுத்தி வடிக்கும் ராட்சத இயந்திரங்களுக்கு முதலீடு தேவையில்லாமல் போனது. எஞ்சின் ஏற்கெனவே கையில் இருந்தது, ஆலை சும்மா கிடந்தது, உடல் மரத்தால் ஆனது. கையில் இருந்ததையெல்லாம் மலிவாகக் கோத்ததே அந்தக் காரின் சூத்திரம் என்பது என் கருத்து.

பல்சக்கரம்:
நிலமங்கை அவர்கள் சொல்லும் சூழல் உண்மையே. ஆனால் மரத்தாலான மலிவான உடல் பி15 காரிலும் இருந்தது. இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினும் இருந்தது. ஆகவே அந்தக் கணக்கும் வேறுபாட்டை விளக்கவில்லை. எஃப்1 காரில் புதிதாக வந்தது முன்சக்கர இயக்கம் மட்டுமே. பின்னால் ஓடும் தண்டு இல்லாததால் தரையைத் தாழ்வாக வைக்க முடிந்தது. வழுக்கும் சாலையில் வண்டியை முன்னிருந்து இழுத்துச் செல்லவும் முடிந்தது.

லேத்துப்பட்டறை ஐயாவுக்கு ஒரு கேள்வி. அந்த எஞ்சின் அவ்வளவு சிறப்பானது என்றால், அதைப் பெரிதாக்கியபோது ஏன் தடுமாறியது? 4=8 என்ற பெயரில் வந்த வி4 எஞ்சினில் (நான்கு சிலிண்டர்கள் 'V' வடிவில் அமைந்தது), காற்றையும் பெட்ரோலையும் உள்ளே தள்ளுவதற்கென்றே தனிப் பம்ப் பிஸ்டன்களைப் பொருத்தினார்கள். எளிமை போனது, பெட்ரோல் தாகம் கூடியது, கோளாறுகளால் பெயரும் கெட்டது.

லேத்துப்பட்டறை:
வி4 எஞ்சினுக்காக நான் வாதாட வரவில்லை. அது ராஸ்முசனின் பேராசை.

ஆனால் 1931-இல் எஃப்1 காரில் இருந்த எஞ்சினும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே வரிசையில் வந்த எஞ்சினும் வேறு வேறு. தொடக்கத்தில் பிஸ்டனின் தலையில் மூக்குப் போன்ற ஒரு மேடு இருந்தது. ஒரு பக்கத்துத் துளை வழியாக நுழையும் புதுக் கலவை, எதிர்ப்பக்கத்து எக்ஸாஸ்ட் துளை வழியே நேராக வெளியேறிவிடாமல், அந்த மேட்டில் மோதி மேல்நோக்கித் திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். அந்த மேட்டால் பிஸ்டன் கனத்தது, ஒரு பக்கம் அதிகமாகச் சூடேறியது, அப்படியும் கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே புகையோடு போய்விடும். டாய்ட்ஸ் நிறுவனத்தின் அடால்ஃப் ஷ்ன்யூர்லே 1920-களின் நடுவில் வேறொரு வழி கண்டார். எக்ஸாஸ்ட் துளையின் இரு பக்கங்களிலும் இரண்டு துளைகளை அமைத்து, அவற்றைச் சாய்வாக வெட்டி, இரண்டு தாரைகளும் எதிர்ச்சுவரை நோக்கிப் பாயும்படி செய்தார். அவை சுவரை ஒட்டி மேலே ஏறி, சிலிண்டர் தலையில் வளைந்து கீழே இறங்கும்போது எரிந்த புகையை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். பிஸ்டன் தலை ஏறக்குறைய தட்டையாகிவிட்டது. எடையும் சூடும் பெட்ரோல் செலவும் ஒருசேரக் குறைந்தன. பெட்ரோல் எஞ்சின்களுக்கு அந்த உரிமையை 1932-இல் டீ.கே.டபிள்யூ. பெற்று, 1933 முதல் கார்களில் பயன்படுத்தியது.

பெரும் எண்ணிக்கையில் கார் விற்றது எந்த ஆண்டுகளில்? 1933-க்குப் பிறகுதான். அந்த எண்ணிக்கையை எஃப்1 காரின் கணக்கில் எழுதிவிட்டு, எஞ்சினுக்குப் பங்கில்லை என்று சொல்வது நியாயமில்லை.

நிலமங்கை:
1933 ஏப்ரலில் புதிய கார்களுக்கான வாகன வரியையே ஜெர்மன் அரசு நீக்கியது. அதன் பின் எல்லா நிறுவனங்களின் விற்பனையும் ஏறியது; நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஓப்பல்தான் முதலிடத்தில் நின்றது. ஆகையால் 1933 என்ற ஆண்டை ஷ்ன்யூர்லே ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிட முடியாது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1932 ஜூனில் சாக்சனி அரசு வங்கியின் முயற்சியால் ஆவுடி, டீ.கே.டபிள்யூ., ஹோர்ஹ் ஆகியவையும் வாண்டரரின் கார்ப் பிரிவும் இணைந்து ஆட்டோ யூனியன் உருவானது. கடன் சுமையோடு தனித்து நின்றிருந்தால், அந்தக் கார் மேம்படும் வரை நிறுவனம் தாக்குப்பிடித்திருக்குமா என்பதே ஐயம். ராஸ்முசனுக்கு அதில் கிடைத்த பரிசு, 1934-இன் இறுதியில் நிர்வாகப் பொறுப்பிலிருந்து வெளியேற்றம்.

நெய்தல்:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டு-ஸ்ட்ரோக்கின் குறையைப் பற்றி யாரும் பேசவில்லை. எஞ்சினுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. நீண்ட இறக்கத்தில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்றும். ஆனால் பெட்ரோல் குறைந்துவிட்டதால் எண்ணெயும் குறையும். அதற்காகவே ஃப்ரீவீல் என்ற அமைப்பை வைத்தார்கள். சைக்கிளில் மிதிக்காதபோது சக்கரம் மட்டும் உருளுவதைப் போல, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, வண்டி தன்போக்கில் இறங்கும். எஞ்சின் காப்பாற்றப்பட்டது; ஓட்டுநருக்கு எஞ்சின் பிரேக், அதாவது எஞ்சினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் உதவி, இல்லாமல் போனது. மலைச்சாலையில் முழுச் சுமையும் பிரேக்கின் மேல். இதையும் எளிமையின் விலைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

பல்சக்கரம்:
நெய்தல் சொன்னது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. பிற்கால வரலாறும் அதையே காட்டுகிறது. மேற்கு ஜெர்மனியில் டீ.கே.டபிள்யூ.வின் கடைசி இரண்டு-ஸ்ட்ரோக் கார் எஃப்102. அதே உடலில் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பொருத்தி 1965-இல் ஆவுடி என்ற பெயரில் விற்றார்கள். கிழக்கில், அதே ஸ்விக்காவ் நகரில், டிராபன்ட் கார் தன் இறுதிக் காலத்தில் ஃபோக்ஸ்வாகனின் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினை ஏற்றுக்கொண்டது. இரண்டு இடத்திலும் இரண்டு-ஸ்ட்ரோக்கைத் தூக்கி எறிந்தார்கள். முன்சக்கர இயக்கத்தை யாரும் தொடவில்லை.

லேத்துப்பட்டறை:
1931-ஐப் பற்றிய கேள்விக்கு 1965-இல் விடை தேடுகிறீர்கள். பின்னாளில் எது நிலைத்தது என்பது வேறு, அன்று எது செய்ய முடிந்தது என்பது வேறு.

போருக்குச் சற்று முன் அவர்களே தயாரித்த எஃப்9 மாதிரிக் காரைப் பாருங்கள். மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 900 சி.சி., எஃகு உடல். எஞ்சின் நீண்டுவிட்டதால் அதைக் குறுக்காக வைக்கவில்லை. முன் அச்சுக்கு முன்னால் நெடுக்குவாட்டில் வைத்தார்கள். ஒரே ஒரு சிலிண்டர் கூடியதும் நீங்கள் போற்றும் அமைப்பை அந்தப் பொறியாளர்களே கைவிட நேர்ந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காக வைத்துப் பெரும் எண்ணிக்கையில் விற்க 1959-இல் பிரிட்டனின் மினி வர வேண்டியிருந்தது. அதிலும் கியர்பாக்ஸை எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கித்தான் இடம் பிடித்தார்கள்.

1930-இன் குளிர்காலத்தில், ஆறு வாரக் கெடுவில், ஸ்விக்காவ் வரைபலகையின் முன் ஹௌஸ்டைனும் ஆர்ல்ட்டும் உட்கார்ந்தபோது, குறுக்காக வைக்கும் அளவுக்குக் குட்டையான வேறு எந்த எஞ்சின் அவர்கள் கைக்கு எட்டியது? அதைச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

நிலமங்கை:
அவர்கள் கைக்கு எட்டிய இன்னொன்று ரிக்கன்பேக்கரின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். அதை வாங்க ஆள் இல்லை என்பதால்தான் கெடுவே பிறந்தது. நான் இன்னமும் கணக்குப் புத்தகத்தின் பக்கமே நிற்கிறேன்.