பத்து கிலோமீட்டர் ஓட்டம் 58 நிமிடத்திலேயே நிற்கிறது: தூரத்தைக் கூட்டுவதா, வேகத்தைக் கூட்டுவதா?

வேளச்சேரி கவிதா:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. வாரத்தில் ஐந்து நாட்கள் விடியற்காலையில் ஓடுகிறேன். தொடங்கிய புதிதில் பந்தயத்துக்குப் பந்தயம் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடந்த ஜனவரியில் பத்து கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடித்தேன். அதன்பின் முன்னேற்றமே இல்லை. வாரத்துக்கு 30 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை 40 ஆக உயர்த்திய பிறகும், மே மாதத்தில் அதே தூரத்துக்கு 62 நிமிடம் ஆனது. பயிற்சியில் பெரும்பாலும் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 விநாடி என்ற வேகத்தில் ஓடுகிறேன். வீடு திரும்பியபின் நாள் முழுவதும் அசதியாக இருக்கிறது. அலுவலகத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மயிலை ராகவன்:

வணக்கம் சகோதரி. 58 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 48 விநாடி. உங்கள் அன்றாடப் பயிற்சி வேகம் பந்தய வேகத்தைவிட அரை நிமிடம்கூடக் குறைவாக இல்லை. தேக்கத்துக்கு முதல் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். இந்த நடுத்தர வேகம் உடலைக் களைப்படையச் செய்யும் அளவுக்குக் கடினமானது. ஆனால் இதயமும் நுரையீரலும் புதிய எல்லையைத் தொடும் அளவுக்குக் கடினமானது அல்ல. நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மிக எளிதான வேகத்தில் அமைந்திருப்பதைக் கண்டார்.

ஆகவே நான்கு நாட்கள் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடமோ அதற்கும் மெதுவாகவோ, பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் ஓடுங்கள். தொடக்கத்தில் இது பொறுமையைச் சோதிக்கும்; எல்லோரும் நம்மைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். மீதமுள்ள ஒரு நாளில், நன்றாக உடலைச் சூடேற்றிய பிறகு, ஒரு கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் என நான்கு முறை, இடையிடையே மூன்று நிமிடம் மெல்லோட்டத்துடன் ஓடுங்கள். இதற்கு மெரினா நடைபாதை ஏற்றது: சமதளம், சிக்னல் கிடையாது. கூட்டம் சேருமுன் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கணிசமாகக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுப்பதும் பயிற்சியே. பிரிட்டன் ஓட்ட வீரர் ரோஜர் பேனிஸ்டர் 1954இல் கால் மைல் ஓட்டங்களில் 61 விநாடிக்குக் கீழே இறங்க முடியாமல் தவித்தபோது, பயிற்சியைச் சில நாட்கள் நிறுத்திவிட்டு ஸ்காட்லாந்துக்கு மலையேறச் சென்றார். திரும்பி வந்து சில நாட்களில் 59 விநாடியில் ஓடினார். அந்த ஆண்டு மே 6 அன்று ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முடித்தார்.

அடையாறு செல்வம்:

ராகவன் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஜனவரி நேரத்தை மே நேரத்தோடு ஒப்பிடுவது நியாயமாகாது. விடியற்காலையில் வெயில் இல்லை என்றாலும், காற்றின் ஈரப்பதம் மிகுந்திருப்பது அந்த வேளையில்தான். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நம் ஊரில் அது ஆவியாகாமல் சட்டையை நனைத்துச் சொட்டுகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தம் போக, கால் தசைகளுக்குப் போவது குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. எனவே மார்ச் முதல் செப்டம்பர் வரை கடிகார வேகத்தை விட்டுவிட்டு, மூச்சையும் நாடித்துடிப்பையும் பார்த்து ஓடுங்கள். அதே நாடித்துடிப்பில் மாதாமாதம் சற்று வேகமாக ஓட முடிந்தால் முன்னேற்றம் இருக்கிறது என்று பொருள். பந்தய நேரத்தில் அது டிசம்பர், ஜனவரியில்தான் தெரியும்.

மருத்துவர் நளினி:

கவிதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்ற வரியை யாரும் கவனிக்கவில்லை. பயிற்சித் திட்டத்தை மாற்றுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னது இயல்பாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். மாதவிடாயாலும் நெடுந்தூர ஓட்டத்தாலும் பெண்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தாமாகவே இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டாம். சாப்பாட்டோடு காபி, தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள்; அவை இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். முருங்கைக்கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் கூடுதலாகச் சேரும்.

வேளச்சேரி கவிதா:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காலை உணவோடு காபி குடிப்பது என் நெடுநாள் வழக்கம். அது இரும்புச்சத்தைத் தடுக்கும் என்று இதுவரை அறிந்ததில்லை. இந்த வாரமே பரிசோதனைக்குச் செல்கிறேன். முடிவு வரும்வரை வேக ஓட்டத்தைத் தொடாமல், ஏழு நிமிட வேகத்தில் மட்டும் ஓடலாமா?

மருத்துவர் நளினி:

மெதுவாக ஓடலாம். தலைச்சுற்றலோ நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.