டனாட்டர் கோட்டைக்குத் தனியாக நடந்து போகலாமா?

கேள்வி: ஏப்ரலில் வேலையாக ஸ்காட்லாந்தில் இருக்கும் அபர்டீன் போகிறேன். ஒரு நாள் ஓய்வு இருக்கிறது. கார் ஓட்டத் தெரியாது, துணைக்கும் ஆள் இல்லை. ஸ்டோன்ஹேவனில் ரயில் இறங்கி நடந்தே போக முடியுமா? தனியாகப் போன பெண்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில்: போன அக்டோபரில் தனியாகத்தான் போனேன், தாராளமாகப் போங்கள். துறைமுகத்திலிருந்து கடலோர மேட்டில் சுமார் 3 கி.மீ. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல். வழியில் போர் நினைவுச்சின்னம் வரும். கட்டி முடிக்காதது போல இருக்கும். பாதியில் போன உயிர்களுக்காக வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. அதைத் தாண்டியதும் பாறைமேல் கோட்டை தெரிந்தது. கால்மணி நேரம் நகரவே இல்லை நான். உள்ளே, 1685இல் 167 பேரை அடைத்து வைத்த நிலவறையை விட்டுவிடாதீர்கள். எனக்கு அங்கே பேச்சே வரவில்லை.

இன்னொருவர்: காற்று பலமாக அடித்தால் கோட்டையை மூடிவிடுவார்கள். காலையிலேயே இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். படிகள் செங்குத்து, நல்ல ஷூ வேண்டும்.

கேட்டவர்: ரொம்ப நன்றி! ஸ்காட்லாந்து மணிமுடியை ஒளித்து வைத்தது இங்கேதானே?

பதில்: ஆமாம். இங்கிலாந்தின் குரோம்வெல் படை முற்றுகையிட்டபோது வெளியே கடத்தி, கினெஃப் தேவாலயத்தில் தரைக்கடியில் புதைத்தார்கள். 1660 வரை அங்கேதான் இருந்தது.