வாய் முந்தியா, சத்தம் முந்தியா? டிவி பெட்டியோடு மல்லுக்கட்டிய கதைகள்

காலிவீதிக்காரன் (வெள்ளவத்தை)

டிவியில் உதடும் குரலும் ஒட்டாமல் வருவதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கதைப்பவரின் உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துக்கொள்வார். அவருக்காகத்தான் சவுண்ட்பார் என்ற நீட்டு ஒலிபெருக்கி ஒன்று வாங்கி டிவிக்குக் கீழே வைத்தேன். இரண்டாம் நாளே, "தம்பி, செய்தி வாசிக்கிற பிள்ளை வாயை மூடின பிறகும் கதைக்குது" என்றார். எனக்கு அது படவே இல்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டு உற்றுப் பார்த்தேன், தெரிந்தது. தெரிந்த பிறகு கண்ணை அதிலிருந்து எடுக்க முடியவில்லை, அதுதான் இந்த வியாதியின் கொடுமை.

யூடியூப் எல்லாம் போடும் சின்ன ஆண்ட்ராய்ட் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வயர் டிவிக்குப் போகிறது. டிவியின் ஏஆர்சி துளையிலிருந்து (டிவி தன் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை) இன்னொரு வயர் சவுண்ட்பாருக்கு. டிவி செட்டிங்ஸில் ஓடியோ டிலே என்று ஒன்று இருந்தது. அதை 50க்குக் கூட்டினேன், மோசமானது. 100க்குக் கூட்டினேன், செய்தி வாசிப்பவர் அடுத்த செய்திக்குப் போன பிறகுதான் முதல் செய்தி முடிந்த மாதிரி இருந்தது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை பாருங்கள். அந்த ஓடியோ டிலே சத்தத்தைப் பிந்தவைக்க மட்டும்தான். முந்தவைக்க அதற்குத் தெரியாது. இன்னும் வந்து சேராத சத்தத்தை எந்தப் பெட்டியாலும் முன்கூட்டிப் போட முடியாதே. எனக்கோ சத்தம் ஏற்கனவே பிந்தியது. நான் அதை மேலும் பிந்தவைத்துக்கொண்டு இரண்டு கிழமை இருந்திருக்கிறேன்.

நடுவில் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போய் விலை கூடிய எச்டிஎம்ஐ வயர் ஒன்றும் வாங்கினேன். "தங்க முலாம் பூசினது, சத்தம் உடனே வரும்" என்று கடைக்காரத் தம்பி சொன்னார். வயருக்குள் சத்தம் நடந்து போவதில்லை, களைத்துப்போய் நிற்பதும் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வயர் பழுதானால் படம் வெட்டும், புள்ளி புள்ளியாகத் தெறிக்கும், அல்லது ஒன்றுமே வராது. உதட்டுக்கும் குரலுக்கும் இடையில் விலகல் வருவது வயரால் அல்ல. அந்த வயர் இப்போது தம்பியின் மடிக்கணினியில் இருக்கிறது.

கடைசியில் செய்தது இரண்டு வேலை. முதலாவது, பெட்டியின் சவுண்ட் செட்டிங்ஸில் "ஓட்டோ" என்று இருந்ததை பிசிஎம், அதாவது சுருக்காத சத்தம், ஆக்கினேன். ஓட்டோவில் அது டொல்பியாகப் பொதி கட்டி அனுப்பும். டிவி அதை வாங்கி, சவுண்ட்பாருக்குக் கைமாற்றி, சவுண்ட்பார் பொதியை அவிழ்த்து, பிறகுதான் சத்தம். பிசிஎம் என்றால் அவிழ்க்க ஒன்றும் இல்லை. உடனே பாதி சரியாகிவிட்டது. ஆனால் சுற்றிவரக் கேட்கும் சத்தம் போய்விட்டது, அதற்கா காசு கொடுத்தோம் என்று மனம் கேட்கவில்லை.

இரண்டாவது வேலைதான் பலித்தது. சவுண்ட்பாரின் பின்பக்கம் எச்டிஎம்ஐ உள்வழி ஒன்றும் இருந்தது. பெட்டியை டிவியில் செருகாமல் நேரே அதில் செருகினேன். இப்போது சத்தத்தை சவுண்ட்பார் முதலில் எடுத்துக்கொள்கிறது, படம் மட்டும் டிவிக்குப் போகிறது. டொல்பியைத் திரும்பப் போட்டேன். பார்த்தால் சத்தம் முந்துகிறது! டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கிறது அல்லவா. அசைவை வழுவழுப்பாக்கும் அந்த வித்தையை நிறுத்தினேன், இடைவெளி குறைந்தது. மிச்சத்துக்கு சவுண்ட்பாரின் டிலேயை 80 மில்லிசெக்கனில் வைத்தேன். அந்த எண் என் வீட்டு எண், உங்களுக்கு வேறாக இருக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப சரி. ஆனா அந்தப் பிள்ளை வேகமா வாசிக்குது" என்றார்.

உங்கள் வீட்டுக் கதைகளையும் போடுங்கள்.


கொட்டாஞ்சேனை அக்கா

எங்கள் வீட்டுக் கதை வெட்கக்கேடு. அம்மாவின் டிவியில் உதடும் குரலும் ஒட்டவில்லை என்று என் மருமகன் ஒரு போயா நாள் முழுக்க அதோடு இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. 40 போட்டார், 70 போட்டார், 120 போட்டார். ஒரு வசனத்துக்குச் சரியாக வரும், அடுத்த வசனத்துக்குப் பிழைக்கும். பெட்டி பழுது, வேறு வாங்குவோம் என்று முடிவு கட்டிய நேரத்தில் என் மகள் வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது ஹிந்தித் தொடர். தமிழுக்கு டப் பண்ணினது" என்றாள்.

சிரிக்காதீர்கள். நம் படங்களிலும் பெரும்பாலும் நடிகர்கள் பிறகு வந்துதான் குரல் கொடுக்கிறார்கள், சிலருக்கு வேறு ஆள் குரல். அதை வைத்துச் சோதிக்கவே கூடாது. நேரலைச் செய்தி பாருங்கள். இல்லாவிட்டால் யாராவது கை தட்டுவதை, கத்தியால் பலகையில் வெங்காயம் வெட்டுவதைப் பாருங்கள். சமையல் வீடியோ இதற்கு வலு திறம்.


பழையரேடியோ (பம்பலப்பிட்டி)

தம்பி காலிவீதிக்காரன், அப்பாவின் கண்ணுக்கு என் வணக்கம். ஒலிபரப்புத் தொழிலில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்.

சத்தம் பிந்தினால் மனிதன் பொறுத்துக்கொள்வான், முந்தினால் பொறுக்க மாட்டான். காலிமுகத்திடலில் வாணம் வெடித்தால் முதலில் வெளிச்சம், பிறகுதான் சத்தம். கோயில் வெளிவீதியின் அந்தக் கோடியில் தவில்காரரின் கை இறங்குவது முதலில் தெரியும், அடி பிறகு கேட்கும். சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் ஓடும். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிய கண்ணும் காதும். வாய் திறக்க முதலே குரல் வருவதை உலகத்தில் எங்கும் கண்டதில்லை, அதனால் அது உடனே குத்தும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் இதற்கு அளவு கொடுத்தது. சத்தம் 45 மில்லிசெக்கன் முந்தினாலே ஆட்கள் கண்டுபிடிக்கத் தொடங்குவார்கள். பிந்துவதென்றால் 125 வரை போக வேண்டும். செக்கனுக்கு 25 படம் ஓடும் வீடியோவில் ஒரு படத்தின் நேரம் 40 மில்லிசெக்கன். அதாவது ஒரு படம் முந்தினாலே ஆபத்தான எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டோம். ஆகவே கணக்காகச் சரிசெய்ய வராவிட்டால், சத்தம் சற்றுப் பிந்திய பக்கமாக விட்டுவிடுங்கள்.

எச்டிஎம்ஐக்குள் இதைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு 2006இல் வந்த 1.3 பதிப்பிலேயே இருக்கிறது. டிவி தன் தாமதத்தைச் சொல்லும், மற்றப் பக்கம் கேட்டுச் சத்தத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் அதை வைப்பதும் விடுவதும் தயாரிப்பவர் விருப்பமாக இருந்தது. ஏஆர்சியின் புதிய வடிவமான ஈஏஆர்சியில்தான் கட்டாயமாக்கினார்கள். புதிதாக வாங்குபவர்கள் டிவி, சவுண்ட்பார் இரண்டு பக்கமும் ஈஏஆர்சி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து பலன் இல்லை.


இரவுப்பறவை (தெகிவளை)

எனக்கு புளூடூத் கதை. குழந்தை நித்திரையான பிறகு ஹெட்போன் போட்டுத்தான் படம் பார்க்க முடியும். விசித்திரம் என்னவென்றால், பெட்டியில் யூடியூப் போட்டால் எல்லாம் சரி. பக்கத்தில் டிவிடி பிளேயர் இருக்கிறது, அதைப் போட்டு ஹெட்போனை டிவியோடு இணைத்தால் குரல் பின்னால் இழுபடுகிறது. ஹெட்போன் ஒன்றுதான், பிறகு ஏன்?

தேடிப் பார்த்ததில் விளங்கியது இவ்வளவு. சாதாரண புளூடூத்தில் சத்தம் சுருக்கப்பட்டுப் போய்ச் சேரவே 150, 200 மில்லிசெக்கன் ஆகும். நல்ல செயலி அந்தத் தாமதத்தை அறிந்து படத்தையும் அதே அளவு பிடித்துவைத்துக் காட்டுகிறது. வெளியிலிருந்து வரும் படத்தை டிவி அப்படிப் பிடித்துவைப்பதில்லை. கேம் விளையாடினால் இன்னும் மோசம், அங்கே படத்தைப் பிந்தவைத்தால் விளையாட்டே போய்விடும்.

தங்கச்சி வீட்டில் அப்பிள் டிவி இருக்கிறது. அதில் ஐபோனை டிவிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்கிறது. பெட்டி சில ஒலிகளை எழுப்ப, போன் கேட்டு, தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பொறாமையாக இருந்தது. நான் கடைசியில் ஒரு நீண்ட வயர் ஹெட்போன் வாங்கினேன். பிரச்சினை முடிந்தது. வயரில் தடுக்கி ஒருநாள் விழுந்தேன், அது வேறு.


மண்டபம்பார்த்தவன் (கொள்ளுப்பிட்டி)

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே அளவில் பிந்துகிற கேஸ். போகப் போகக் கூடிக்கொண்டே போகிற கேஸ் ஒன்று இருக்கிறது, அதற்கு மேலே சொன்ன எந்த மருந்தும் கேட்காது.

சரஸ்வதி மண்டபத்தில் மச்சாளின் கல்யாணம். கமெராக்காரரின் வீடியோ வர மாதக்கணக்காகும் என்று, நான் போனில் எடுத்ததை ஒட்டி ஒன்றரை மணி நேரமாக்கி பென்டிரைவில் போட்டேன். மாமி வீட்டுப் பெட்டியில் செருகி முழுக் குடும்பமும் உட்கார்ந்தது. தொடக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு அருமை. தாலி கட்டும் இடம் வந்தது. மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டு நிமிர்ந்து, பூவும் அரிசியும் எறிந்து முடிந்த பிறகு கெட்டிமேளம் தொடங்கியது. மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

காரணம் போன். செக்கனுக்கு 30 படம் என்று சொல்லும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் தானாக இறக்கி, பிறகு ஏற்றும். சத்தமோ ஒரே சீராக ஓடும். வெட்டி ஒட்டும் மென்பொருள் எல்லாம் 30 என்று நம்பிக் கணக்குப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். சினிமாக் கோப்புகளிலும் இது உண்டு. 23.976 வேகத்துப் படத்தை யாராவது 24 என்று எழுதிவைத்தால் ஒரு மணி நேரத்தில் மூன்றரைச் செக்கன் வித்தியாசம் வந்துவிடும்.

கணினியில் வீடியோ போடும் விஎல்சி மென்பொருளில் ஜே, கே விசைகளை அமத்தினால் சத்தம் ஒரு தடவைக்கு 50 மில்லிசெக்கன் நகரும். நான் தாலிக் கட்டத்துக்குச் சரிசெய்தேன், காலில் விழும் கட்டத்தில் மறுபடி விலகியது. பிறகு போனில் எடுத்த ஒவ்வொரு துண்டையும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, படவேகத்துக்கு மாறாத வேகம் என்பதைத் தெரிவுசெய்து மாற்றி, அதன் பிறகு திரும்ப ஒட்டினேன். ஒரு இரவு போனது. மாமா இப்போது கதைக்கிறார்.


கெத்தாராமக்காரன்

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீடு பிரேமதாச மைதானத்துக்குப் பக்கம். மெச் நடக்கும்போது ஸ்ட்ரீமிங்கில் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கவில்லை, யன்னலுக்கு வெளியே "ஹோ" என்று சத்தம். விக்கெட் விழுந்தது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஓடியோ டிலேயில் எவ்வளவு வைக்க வேண்டும்?


பழையரேடியோ

தம்பி, யன்னலில் வையுங்கள்.

பகிடி போகட்டும். உங்கள் டிவியில் படமும் சத்தமும் ஒன்றுக்கொன்று ஒட்டித்தானே வருகின்றன? அப்போ பெட்டியில் பிழை இல்லை. நேரலையைச் சில செக்கன் நீளமான துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள், பெட்டி சில துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். 20, 30 செக்கன் பிந்துவது சாதாரணம். பழைய அன்டெனாவில் பாருங்கள், யன்னலோடு கிட்டத்தட்டச் சேர்ந்து ஓடும்.


மாடிவீடு (வெள்ளவத்தை)

சின்ன விஷயம். 2022இல் கரண்ட் வெட்டிய காலத்தில் எங்கள் பெட்டிக்கு இந்த வியாதி பிடித்தது. கரண்ட் வந்ததும் டிவி, பெட்டி, சவுண்ட்பார் மூன்றும் ஒரே நேரத்தில் எழும்பும், ஒன்றையொன்று அடையாளம் காண முதலே சத்தம் தொடங்கும், நாள் முழுக்கப் பிசகு. மூன்றையும் சுவிட்ச்சில் அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, டிவி, சவுண்ட்பார், கடைசியாகப் பெட்டி என்று போட்டால் சரியாகிவிடும். செட்டிங்ஸில் கை வைக்க முதல் இதைச் செய்து பாருங்கள். போன வருடம் பெப்ரவரியா, அதற்கு முந்தியதா, பாணந்துறையில் குரங்கு ஏறி நாடே இருண்ட ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் இதே கதைதான்.


காலிவீதிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. குரங்கு 2025 பெப்ரவரி 9, எனக்கு நல்ல ஞாபகம், அன்றைக்குத்தான் சவுண்ட்பார் கணக்கெல்லாம் அழிந்து 80ஐத் திரும்பப் போட்டேன். இப்போது அந்த எண்ணைக் கடதாசியில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு மாமி வீட்டுப் பெட்டியைப் பார்க்கப் போக வேண்டும், அங்கேயும் வாய் ஒட்டவில்லையாம். எந்த நிகழ்ச்சி என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.