தொட்டிக்கு அருகில் நின்று எழுதிய அவசரகாலத் திட்டம்

சேகோ ஆலை மேற்பார்வையாளர், ஆத்தூர் பக்கம்:

அனைவருக்கும் வணக்கம். அவசரகாலத் திட்டம் தயாரித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்று கேட்டிருந்ததால், எங்கள் ஜவ்வரிசி ஆலையில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எங்களிடம் இருந்தது, வெளியாள் ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்த பன்னிரண்டு பக்கத் திட்டம். ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்டுவதற்காக அலமாரியில் வைத்திருந்தோம். குச்சிக் கிழங்கு (மரவள்ளி) வரத்து மிகுந்திருந்த ஒரு நாளில், கழிவுநீர்த் தொட்டியின் பம்பு அடைத்துக்கொண்டதென்று ஒரு தொழிலாளி ஏணி வழியாக உள்ளே இறங்கினார். நான்கு படி தாண்டுவதற்குள் தலை சுற்றி, ஏணிக் கம்பியில் கையைக் கோத்தபடியே சாய்ந்துவிட்டார். அவருடைய மைத்துனர் பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்க முயன்றபோது, லோடுமேன் ஒருவர் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மற்ற இருவர் தரையில் குப்புறப் படுத்து, மயங்கியவரின் சட்டையையும் கையையும் பற்றி மேலே இழுத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

கிழங்குக் கழிவு புளிக்கும் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உருவாகும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, இத்தகைய இடத்தில் காற்றைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்துமூலம் சான்று தந்த பிறகே இறங்கலாம், இல்லையென்றால் சுவாசக் கருவியும், மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றில் கட்டிய பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டும் என்று அப்போதே தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் தீ விபத்து மட்டுமே இருந்தது. தொட்டி என்ற சொல்லே இல்லை.

அதனால் புதிய திட்டத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. கிழங்கு இறக்குமிடம், கிழங்கை அரைக்கும் ரேஸ்பர், வறுக்கும் அடுப்பு, காயவைக்கும் களம், திப்பி (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) குவித்திருக்கும் இடம் என்று ஒவ்வொன்றிலும் நின்று, அங்கே வேலை செய்பவரிடமே “இங்கே என்ன நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?” என்று கேட்டு எழுதினோம். முதல் வரியே, “விழுந்தவரைக் காப்பாற்ற யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது” என்பதுதான். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பெரிய எழுத்தில் தொட்டி மூடியின் மேலேயே எழுதிவைத்தோம். மூடிக்குப் பூட்டும் போட்டோம்.

முதல் ஒத்திகையில்தான் திட்டத்தின் ஓட்டைகள் தெரிந்தன. எழுதியிருந்தபடி எலக்ட்ரீசியன் மெயின் சுவிட்சை அணைத்தார். அந்த நொடியே சைரனும் நின்றுபோனது. பாதி ஆலைக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. இப்போது கையால் சுற்றும் சைரன் இரண்டு வைத்திருக்கிறோம். கூடுமிடமாகக் குறித்திருந்த களமோ, சீசனில் ஜவ்வரிசி பரப்பியிருப்பதால் கால் வழுக்கும் இடம்; காற்று திரும்பினால் தொட்டி வாடை நேராக அங்கேதான் வரும். அதனால் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வோர் இடம் குறித்து, கம்பத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினோம். துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். இந்த யோசனையைச் சொன்னவர் களத்தில் ஜவ்வரிசி கிளறும் ஓர் அம்மா.

தலை எண்ணுவதுதான் இன்றைக்கும் எனக்குக் கவலை தருகிறது. வருகைப் பதிவேட்டில் லாரி ஓட்டுநரும் லோடுமேன்களும் இருப்பதில்லை.

காப்பித் தோட்ட எழுத்தர், ஏற்காடு:

ஐயா, தலை எண்ணும் சிக்கல் எங்களுக்கும் உண்டு. பழம் பறிக்கும் காலத்தில் தினக்கூலிக்கு வருபவர்கள் நாளுக்கு நாள் மாறுவார்கள். காலையில் வாயிலில் எண் பொறித்த தகர வில்லையை எடுத்துக்கொண்டு, மாலையில் அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போகும்படி செய்தோம். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள்.

எங்கள் திட்டத்தில் நான் அதிகம் உழைத்தது 108 ஆம்புலன்ஸ் பற்றிய பகுதியில்தான். மூடுபனியில் தோட்டத்துத் திருப்பம் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை வண்டி எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. இப்போது அழைத்தவுடன் டார்ச்சோடு ஒருவர் சாலை முனைக்கு ஓட வேண்டும் என்று பெயர் குறித்து எழுதியிருக்கிறோம். பல்ப்பர் (காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்) கொட்டகை மேட்டில் மட்டுமே கைப்பேசி சிக்னல் கிடைப்பதால், அழைப்பவர் வேறு, முதலுதவி செய்பவர் வேறு. சேலத்துக்கு இறக்க வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு என்பதை மனத்தில் வைத்து, இரத்தம் நிறுத்தக் கட்டுப்போடும் பயிற்சியை முதலில் கொடுத்தோம்.

சேகோ ஆலை மேற்பார்வையாளர், ஆத்தூர் பக்கம்:

மிக்க நன்றி ஐயா. வில்லை முறையைச் சென்ற வாரமே தொடங்கி, லாரி ஓட்டுநர்களுக்குச் சிவப்பு வில்லை ஒதுக்கினோம். சனிக்கிழமை இரவு ஷிப்டில், முன்னறிவிப்பு இல்லாமல் ஒத்திகை வைத்தோம். கூடுமிடத்தில் நின்றவர்கள் 41 பேர். காலி ஆணிகள் 42. தேடிப் பார்த்ததில், தார்ப்பாய்க்கு அடியில் ஓர் ஓட்டுநர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். லாரி நிறுத்துமிடத்தைச் சுற்றிவர இரவுக் காவலரை நியமித்து அன்றைக்கே திட்டத்தில் சேர்த்துவிட்டேன்.