மதர்போர்டு மாற்றியபின் விண்டோஸ் 11 ஆக்டிவேஷன் போய்விட்டது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. லேப்டாப்புடனே வந்த விண்டோஸ் 11 ஹோம். மதர்போர்டு மாற்றியதும் 0xC004F211 என்ற பிழை வருகிறது. வன்பொருள் மாறிவிட்டது என்பதே அதன் பொருள். இவ்வகை லேப்டாப்பில் லைசென்ஸ் கீ போர்டின் பயாஸ் சிப்பில் (கணினியைத் துவக்கும் மென்பொருள் உள்ள சிப்) பதிந்திருக்கும். போர்டோடு அதுவும் போய்விடும்.

புதிய போர்டில் கீ இருக்கிறதா என்று பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைச் சாளரம்) கேட்டால் வெற்று வரிதான் வருகிறது. சர்வீஸ் சென்டரில் கீயை எழுதாமல் விட்டதுதான் காரணம் என நினைக்கிறேன். எடிஷன் ஹோம்தான், தவறுதலாக ப்ரோ ஏறவில்லை. தேதி, நேரமும் சரி.

விண்டோஸின் ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் (பிழை சரிசெய்யும் கருவி) 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பட்டியலில் இந்த லேப்டாப்பே இல்லை. முன்பு லோக்கல் அக்கவுண்ட் (லேப்டாப்பில் மட்டும் உள்ள கணக்கு) மட்டுமே இருந்ததால், லைசென்ஸ் கணக்கோடு இணையவே இல்லை.

போர்டு மாற்றிய பின் சர்வீஸ் சென்டரிலேயே கீயை பயாஸில் எழுதித் தரச்சொல்லி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? என்ன ஆவணம் கேட்டார்கள்? பழைய 25 எழுத்து கீ கைவசம் இருக்கிறது. அதைக் காட்டி மைக்ரோசாஃப்ட் உதவி மையம் வழியாக யாருக்காவது ஆக்டிவேட் ஆனதா?

கேஎம்எஸ் பெயரில் வரும் திருட்டு ஆக்டிவேட்டர், கிராக் வழிகள் வேண்டாம். அவற்றுக்காக ஆன்டிவைரஸை அணைப்பது மால்வேருக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான்.